அச்சகத்துக் கணினியும் அப்பாவின் பெயரும்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாப்பா பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்துவிட்டாள் என்ற வரியைப் படித்ததும் உன் தங்கச்சியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குழந்தையாக உன் அச்சகத்துக் காகிதக் கட்டின் மேல் படுத்துத் தூங்கிய பிள்ளை. அவளுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். இங்கே காரைக்குடியில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது. வகுப்பில் நின்றுகொண்டே பாடம் எடுப்பதைக் குறைத்திருக்கிறேன்.

அப்புறம், கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்வி. அச்சகத்தில் இருக்கும் மூன்று கணினிகளில் இரண்டு விண்டோஸ் 11-க்குப் போகாது, புதிது வாங்குங்கள் என்று சர்வீஸ் பையன் சொல்கிறான், பாப்பாவோ "லினக்ஸ் போட்டுவிடலாமே அப்பா" என்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். விண்டோஸை விட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் சிஸ்டத்துக்கு வா என்று இருபத்தைந்து வருடமாக நான் சொல்லச் சொல்லக் கேட்காதவன், நீயாகவே கேட்டுவிட்டாய். சட்டென்று "போடு" என்று சொல்ல மனசு துடித்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹாஸ்டல் நாட்கள் ஞாபகம் வருகின்றன. பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு, நாம் பகுதிநேரமாக வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஏற்றினோமே. விடியும்வரை மோடம் வேலை செய்யவில்லை. பாதி வேலையை விண்டோஸ் டிரைவரே, அதாவது சாதனத்தை இயக்கும் நிரலே, செய்யும் என்று நம்பித் தயாரித்த மலிவு மோடம் அது. "வேலைக்கு ஆகாத சாமானை வைத்துக்கொண்டு என்னடா செய்வது" என்று நீ கேட்டாய். "உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடாத சாமானை எப்படியடா நம்புவது" என்று நான் கேட்டேன். யோசித்துப் பார்த்தால், நம் மொத்தச் சண்டையும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

ஒரு விஷயத்தில் அன்றைக்கு நான் பேசியது தப்பு. விண்டோஸ் 98-ஐ வைத்துக்கொண்டு விண்டோஸே அடிப்படையில் ஓட்டை என்று வாதாடினேன். அப்போதே விண்டோஸ் என்.டி. என்று முற்றிலும் வேறொரு கட்டடம் இருந்தது. டெக் என்ற கணினி நிறுவனத்தில் வி.எம்.எஸ். என்ற சிஸ்டத்தை உருவாக்கிய டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்து, தன் குழுவோடு அடியிலிருந்து எழுப்பியது. 1993-இல் முதல் பதிப்பு வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோதுதான் அந்த அஸ்திவாரம் வீட்டுக் கணினிகளுக்கும் உன் அச்சகத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய விண்டோஸ் 11-உம் அதே அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. இப்போது மாணவர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுக்கும்போது என்.டி.யின் வடிவமைப்பை மதிப்போடுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாணவர்களுக்கு இன்னொரு சண்டையையும் சொல்வேன். உனக்கும் பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம் என்றொரு பேராசிரியர், பாடம் நடத்துவதற்காகவே மினிக்ஸ் என்ற சிறிய சிஸ்டத்தை எழுதியிருந்தார். அதைப் படித்துப் பழகியவர்தான் ஹெல்சின்கியில் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று தன் புதிய சிஸ்டத்தைப் பற்றி அறிவித்தபோது அவருக்கு வயது 21. ஐந்தே மாதத்தில், 1992 ஜனவரியில், "லினக்ஸ் காலாவதியானது" என்று தலைப்பிட்டுப் பேராசிரியர் எழுதினார். கெர்னல் என்கிற நடுக்கரு சின்னதாக இருக்க வேண்டும், டிரைவர் போன்றவையெல்லாம் அதற்கு வெளியே தனித்தனி நிரல்களாக ஓட வேண்டும், ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால்தான் வேகமாக ஓடும், நடைமுறைக்கும் ஆகும் என்பது பையன் கட்சி.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், ஆண்ட்ராய்டு போன் அத்தனையிலும் லினக்ஸ் கெர்னல்தான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால் 2024 ஜூலை 19 உனக்கு ஞாபகம் இருக்கும். விமான நிலையங்களில் நீலத் திரையோடு கணினிகள் நின்றுபோய், கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தப்பான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அவர்களுடைய நிரல் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அது விண்டோஸின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். லினக்ஸ் கெர்னலுக்குள் அப்படி ஒரு பழுதான மாட்யூலை ஏற்றினாலும் இதே கதிதான். பேராசிரியர் பயந்தது இதற்குத்தான், அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. இன்டெல் தன் சில்லுகளை நிர்வகிக்க உள்ளே வைத்திருக்கும் குட்டிக் கணினியில் மினிக்ஸ்தான் ஓடுகிறது என்று 2017-இல் தெரியவந்தது. ஆறாம் தலைமுறை இன்டெல்லில் அது உண்டு. உன் கல்லாப் பக்கத்தில் நிற்கும் ஐ5 அந்தத் தலைமுறைதானே? நீ விண்டோஸ் என்று சொல்லி உட்காரும் அந்தப் பெட்டிக்குள் இத்தனை வருடமாக மினிக்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, உன் பிரச்சினைக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு உபயோகக் கணினிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்க அப்படி ஒரு சில்லு இருக்க வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் ஐ5-இல் என்ன குறை? ஐந்நூறு பக்கத்து மலரைத் திறந்தாலும் அசராமல் வேலை செய்கிற பெட்டி. ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அதைக் கழித்துப் போடு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என் பொருளின் ஆயுள் என் கையில் இருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதில் மாற்றமில்லை.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன, உனக்குத் தெரியும். 2 ஜிபி ராம், கீல் ஒரு பக்கம் விட்டுப்போய் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தான். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையை எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான மேசைத் திரையோடு ஏற்றினேன். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. வீடியோ பார்க்கத் திணறுகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் தங்கை இப்போது அதில்தான் டி.என்.பி.எஸ்.சி. பழைய வினாத்தாள்களைப் பார்த்துப் படிக்கிறாள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த ரப்பர் பேண்டைப் பத்திரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பக்கம் வடிவமைக்க நீ வைத்திருக்கும் பேஜ்மேக்கர் ஓடும் கணினியில் லினக்ஸ் போடாதே என்றுதான் சொல்லப்போகிறேன். ஆச்சரியப்படாதே. பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் லினக்ஸுக்கு இல்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் வழியாக ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். முகூர்த்த மாதத்தில், வாசலில் ஆள் நிற்கும்போது, அந்தச் சோதனையெல்லாம் உனக்கு வேண்டாம். ஸ்கிரைபஸ் என்ற நல்ல பக்க வடிவமைப்பு நிரல் இருக்கிறது. ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து வர ஆரம்பித்ததே 2017-இல் வந்த 1.5.3 பதிப்புக்கு அப்புறம்தான்.

தமிழ் என்று வரும்போது உன் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துருவோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் தமிழ் சரியாக வந்துவிட்டது. 2006-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகட்டைக் காசில்லாமல் தபாலில் அனுப்பினார்களே, அதை எடுத்துக்கொண்டு ஆசையாகக் கும்பகோணம் வந்தேன். உன் கணினியில் போட்டுக் காட்டியபோது "கொ" என்ற எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் புள்ளிவட்டம் ஒரு பக்கமுமாக நின்றது. நீ ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினாய். இன்று அந்தக் குறை இல்லை. ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல்தான் லிப்ரெஆபீஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழைக் கோத்துக் கொடுக்கிறது. தமிழ்99 விசைப்பலகை இரண்டு பக்கமும் உண்டு. நீ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய முறையும் லினக்ஸில் இருக்கிறது.

இத்தனை வருடம் விண்டோஸா லினக்ஸா என்று கத்தினோமே மாப்ளே, உன்னைக் கட்டிப்போட்டது விண்டோஸ் இல்லை என்று போன ஆடி மாதம்தான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்குத் திதி கொடுத்த அன்று, 2003-இல் நீ அடித்த என் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. ப்ரூஃப் பார்க்க நீ அனுப்பிய வேர்ட் கோப்பு டிஸ்க்கில் எங்கோ இருக்கும் என்று அப்பாவின் பெயரைத் தமிழில் போட்டுத் தேடினேன். இல்லை என்று வந்தது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து கடைசியில் கண்டுபிடித்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். உள்ளே இருந்தது பாமினி. அந்த எழுத்துருவில் "அப்பா" என்பது கோப்புக்குள் எம், ஜி, செமிகோலன், ஜி, ஹெச் என்றுதான் கிடக்கும். பாமினி முகமூடியைப் போட்டால்தான் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துருவைத் தேடி ஏற்றினேன், உடனே அப்பாவின் பெயர் வந்துவிட்டது, அவர் பிடிவாதமாகப் போடச் சொன்ன ஊர்ப்பெயரோடு. ஏற்றிய பிறகும் தேடிப் பார்த்தேன். கணினிக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. லினக்ஸிலும் தெரியாது, விண்டோஸிலும் தெரியாது.

லினக்ஸ் பிறந்த அதே 1991-இல்தான் யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியேற்றத்தில் கால் நூற்றாண்டாக அடித்துத் தள்ளியிருக்கிறோம். உன் ஒரு அச்சகத்திலேயே எத்தனை ஆயிரம் குடும்பப் பெயர்கள், கோயில் மலர்கள், ஊர்ப் பெரியவர்கள் எழுதிய வாழ்த்துப்பாக்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுவிட்டது. என்றைக்காவது ஒரு விண்டோஸ் அதை ஓட்ட மறுத்தால், உன் வேலையெல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

அதனால் இப்படிச் செய். பேஜ்மேக்கர் கணினியில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும், ஆனால் இன்டர்நெட் கேபிளை இன்றைக்கே பிடுங்கிவிடு. கல்லாப் பக்கத்து ஐ5-இல் லினக்ஸ் மின்ட் போடலாம். பில் போட, மெயில் பார்க்க, வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரை எடுக்க அது தாராளமாகப் போதும். பிளேட் அடிக்கும் இடத்தில் எப்படியும் பி.டி.எஃப். தானே கேட்கிறார்கள்? சின்ன நோட்டீஸ் வேலைகளை ஸ்கிரைபஸில் பழகிப் பார். விண்டோஸ் 11 இருக்கும் மூன்றாவதில் கை வைக்க வேண்டாம். அதில் பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைன் போட்டால் யூனிகோட் தமிழ் நன்றாகவே வரும், மாத வாடகை கட்டத் தயாரென்றால். மேக் வாங்கு என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாய். அருமையான சாமான்தான், ஆனால் அந்தக் காசுக்கு நீ ஒரு கட்டிங் மெஷினே வாங்கிவிடலாம்.

பொங்கல் கழித்துக் கனுவன்று கும்பகோணம் வருகிறோம், உன் தங்கச்சியும் வருகிறாள். பரணில் அட்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாயே, அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்குகளை இறக்கி வை. எந்தெந்த எழுத்துருவில் அடித்தாய் என்று ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள், பாமினியா வானவில்லா என்று. யூனிகோடுக்கு மாற்றும் நிரல்களை நான் பென் டிரைவில் கொண்டுவருகிறேன். பாப்பாவுக்கும் இரண்டு நாள் லீவு இருந்தால் இருக்கச் சொல், அவளுக்கு இது நல்ல பழக்கம். என் பத்திரிகையின் பேஜ்மேக்கர் கோப்பு உன்னிடம்தான் இருக்கும். முதலில் அதை எடுத்து மாற்றுவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்