பந்து தானாகப் போய் விழுவதில்லை

ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிக்கிலிருந்து கோல் விழுந்தால் 'கூட்டத்துக்குள் வந்த பந்தைத் தலையால் முட்டினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுப்பவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எழுதவேண்டும் என்று நினைத்து விட்டுவிடுவேன். இன்று எழுதிவிட்டேன்.

2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்து அடித்த இரண்டாவது கோல் நினைவிருக்கிறதா? 90 நிமிடம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நேரமும் தீரும் தறுவாயில் ஒரு ஃப்ரீ கிக். கோலை நோக்கிப் பலமான உதை வரும் என்று உலகமே பார்த்திருக்க, நெதர்லாந்தின் கூப்மைனர்ஸ் பந்தைத் தரையோடு மெல்லத் தட்டி, சக வீரர் வெக்ஹார்ஸ்டிடம் சேர்த்தார். அந்தத் தருணத்தில் அப்படி ஒரு தட்டு தட்ட, முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒத்திகை என்ற பெயரில் நானே செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்தில் ஆறு கார்னர் திட்டங்களை நோட்டில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் சைகை வைத்தேன். ஆட்டத்தில் எங்கள் பையன் மூன்று விரலை உயர்த்தினான். எதிர்வெயிலில் பாதிப் பேருக்கு அது இரண்டாகத் தெரிந்தது. பந்து ஒரு பக்கம், ஓடியவர்கள் மறுபக்கம். கோல் கீப்பர் பந்தைப் பிடித்து வீசியபோது எங்கள் பாதியில் ஒரே ஒரு பிள்ளை நின்றிருந்தான். கோல் வாங்கினோம். உதைத்த பையன் அழுதான், தவறு என்னுடையது.

இப்போது இரண்டே திட்டங்கள். முதலாவதில், பெனால்டி புள்ளியருகே நிற்கும் பெண், உதைப்பவனுக்குப் பக்கத்தில் இருக்கும் கோல் கம்பத்தை நோக்கி ஓடவேண்டும். பிள்ளைகள் எப்போதும் சீக்கிரம் ஓடிவிடுவார்கள்; கம்பத்தருகே போய்க் காத்து நிற்பவரை மறிப்பது சுலபம். அதனால் நான்கு மாலைகள் பந்தே இல்லாமல் பழக்கினேன். உதைப்பவன் கையை இறக்கி இரண்டாவது அடி வைக்கும்போதுதான் இவள் கிளம்பவேண்டும். முதல் மாலை முழுக்க முன்னதாகவே ஓடிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

இரண்டாவது, அருகில் இருப்பவருக்குக் குட்டையாகத் தட்டுவது. இதில் ஒரு பொறி உண்டு. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணி ஆட்களைத் தாண்டி அவர்கள் கோல் பக்கம் நின்று பந்து வாங்கும் குற்றம், கிடையாது. ஆனால் உதைத்தவன் அங்கேயே நின்று பந்தைத் திரும்ப வாங்கினால், அதற்குள் எதிரணி முன்னேறியிருந்தால், அவன் ஆஃப்சைடு! தட்டியவுடன் மைதானத்துக்குள் ஓடிவா என்று தொண்டை வறளக் கத்துகிறேன். எது நடந்தாலும் இரண்டு பேர் நடுக்கோட்டருகே நிற்பார்கள், அதில் மட்டும் பேரம் இல்லை.

ஒரு வேண்டுகோள். கோல் விழுந்தபின் கட்டிப்பிடித்துக் குதிக்கும் படத்துக்குப் பதிலாக, பந்து இன்னும் கார்னர் வளைவுக்குள் இருக்கும்போது எடுத்த படம் ஒன்றை எப்போதாவது போடுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வெட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்