சிலப்பதிகாரம் கேட்டால் கதைச்சுருக்கம் அனுப்பும் கடைக்கு

அனுப்புநர்
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
மயிலாடுதுறை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
புத்தகம் மற்றும் இசைப் பிரிவு.

பொருள்: உரையுடன் கூடிய நூலுக்குப் பதிலாக வேறு நூல் அனுப்பியது; பட்டியலில் உரையாசிரியர், பதிப்பாசிரியர், பக்கவாத்தியக் கலைஞர் பெயர்கள் விடுபடுவது – தொடர்பாக. (ஆர்டர் எண்கள் மின்னஞ்சலின் தலைப்பில் உள்ளன.)

ஐயா / அம்மையீர்,

அடியார்க்கு நல்லார் உரையோடு, உ.வே.சாமிநாதையர் பதிப்பு என்று உங்கள் தளத்தின் விவரக் குறிப்பில் இருந்ததை நம்பி சிலப்பதிகாரத்துக்குப் பணம் கட்டினேன். அதன் கீழே மதிப்புரை எழுதியவர்களும் உரையைப் புகழ்ந்திருந்தார்கள். வந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு கதைச்சுருக்கம். மூலப் பாட்டு ஒரு வரி கூட இல்லை. உரைக்கு இடமே இல்லை. மதுரை ஒரே பத்தியில் எரிந்து அணைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது நல்ல புத்தகமாகவே இருக்கலாம்; நான் கேட்டது அது இல்லை.

திருப்பி அனுப்பப் போனால் உங்கள் படிவம் காரணம் கேட்கிறது. உடைந்து வந்தது, நிறம் வேறு, அளவு பொருந்தவில்லை, மனம் மாறிவிட்டது. ‘பெயர் அதேதான், நூல் வேறு’ என்று ஒரு வரி எங்கும் இல்லை. அளவு பொருந்தவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அடியார்க்கு நல்லார் உரையின் கனத்தை அறிந்தவர்கள் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். சில நாளில் மாற்றுப் பிரதி வந்தது. அதே கதைச்சுருக்கம்.

தொலைபேசியில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், நீங்க கேட்டதும் சிலப்பதிகாரம், வந்ததும் சிலப்பதிகாரம்தானே மேடம்?” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய திரையில் நூலின் பெயர், ‘ஆசிரியர்: இளங்கோவடிகள்’, விலை, இருப்பு, இவ்வளவுதான் இருந்திருக்கும். அந்தத் திரையை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? என் புகார் அந்தத் திரையைப் பற்றியது.

பழந்தமிழ் நூல் வாங்குகிறவர்கள் ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. திருக்குறளுக்கு ஆசிரியர் யார் என்று தெரியாமலா ஒருவர் உங்கள் கடைக்கு வருவார்? அவர் தேடுவது பரிமேலழகரையா, மணக்குடவரையா, மு.வ.வையா என்பதுதான் கேள்வி. உங்கள் பக்கத்திலோ எல்லாத் திருக்குறளும் ஒன்றே. எல்லாவற்றின் மதிப்புரைகளும் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ‘உரை தெளிவு’ என்று ஒருவர், ‘எழுத்து பொடி, கண் வலிக்கிறது’ என்று இன்னொருவர், ‘டெலிவரி செய்த பையன் நல்ல பையன்’ என்று மூன்றாமவர். யார் எந்தப் பதிப்பைச் சொல்கிறார் என்று வள்ளுவரே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது எப்படி நேர்கிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லாவிட்டால் அந்தத் தகவல் உலகத்திலேயே இல்லாததாகிவிடும் என்பது எனக்குப் பழகிய விஷயம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐஎஸ்பிஎன் என்ற தனி நூல் அடையாள எண் இருக்க வேண்டும். 2007 முதல் அது 13 இலக்கம். நம் நாட்டில் பதிப்பாளர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த முறை வருவதற்கு முன்பே அச்சான தமிழ் நூல்கள் ஏராளம். பின்னால் வந்தவற்றிலும் எண் வாங்காதவை உண்டு. அப்படிப்பட்ட புத்தகத்தை விற்க வருகிறவர், ஏற்கெனவே இருக்கும் ஒரு பக்கத்தில் தன் சரக்கையும் ஏற்றிவிடுகிறார் என்று நினைக்கிறேன். பெயர் ஒத்துப்போனால் போதும் என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்கள்.

அதே பக்கத்தில் வேறொரு விற்பனையாளரிடம் இன்னொரு முறை முயன்றேன். இந்த முறை உண்மையிலேயே ஐயர் பதிப்பு வந்தது, ஆனால் ஸ்கேன் செய்து அச்சடித்த பிரதி. 1892இல் அவர் முதலில் வெளியிட்ட நூல் இது. அவர் 1942இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுக்குப் பிறகு காப்புரிமை தீர்ந்துவிடுவதால், இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘புத்தம் புதியது’ என்று விற்ற அந்தப் பிரதியில் ஏதோ ஒரு நூலகத்தின் வட்ட முத்திரை பக்கத்துக்குப் பக்கம் அச்சாகியிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். உரையின் ஓர வரிகள் பல இடங்களில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கின்றன. அரும்பதங்களுக்கு விளக்கம் தேடிப் போனால் விளக்கத்தின் கடைசி எழுத்துகளை நானே ஊகிக்க வேண்டும். மின்னூலாக வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் பழைய பதிப்புகள் ஸ்கேன் வடிவில் கிடக்கின்றன. நான் காசு கொடுப்பது சரியாகக் கட்டிய, ஓரம் வெட்டாத, படிக்கத்தக்க தாளுக்கு.

இத்தனை பாடுபட்டு அந்த உரையே எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அடியார்க்கு நல்லார் அவசியம். அவருடைய உரை நூல் முழுவதற்கும் கிடைக்கவில்லை, கடற்கரைப் பாட்டுகள் வரும் கானல்வரிக்கு இல்லை என்பது எனக்குப் பெரிய ஏக்கம். ஆனால் அரங்கேற்று காதைக்கு இருக்கிறது. பண், யாழ், தாளம் பற்றிய பழைய நூல்கள் பல அழிந்துபோன பிறகு, அவற்றின் செய்தி மிஞ்சியிருக்கும் இடங்களில் அந்த உரை முக்கியமானது. அந்தக் காதையில் இளங்கோ என்ன செய்திருக்கிறார் பாருங்கள். மாதவி ஆடப் போகிறாள். அவள் மேடையேறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவளைக் கொண்டுவருகிறார். மத்தளம் தட்டுகிறவனுக்கும் தனிக் கட்டம் போட்ட ஆள் அவர்.

உங்கள் இசைப் பிரிவில் அது கிடையாது. இதுதான் என் இரண்டாவது புகார்.

கர்நாடக சங்கீதக் கச்சேரி ஒன்றை எம்பி3யாக வாங்கினேன். பாடியவர் பெயர் உண்டு. வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஆண்டு, எந்த சபை என்று ஒன்றுமே இல்லை. சங்கீதம் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடினால் முதல் கேள்வி ‘பக்கவாத்தியம் யாரு?’ என்பதுதான். ஒரே பாடகர், ஒரே கீர்த்தனை. மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர் இருந்தால் அது வேறு கச்சேரி. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தை வாங்குகிறவர், தவில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையா என்று பார்க்காமல் வாங்குவாரா? உங்கள் தளத்தில் நாதஸ்வரத் தொகுப்புக்கு ‘பல்வேறு கலைஞர்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். நாதஸ்வரம் தனியாகவா ஊர்வலம் போகும்?

இன்னொரு தொகுப்பில் கட்டத்தை நிரப்பியே தீருவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், ‘கலைஞர்: தியாகராஜர்’. சுவாமிகள் 1847இல் சித்தியடைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பின்தொடர்க’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் அவருடைய புதிய வெளியீடுகளைத் தெரிவிப்பதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். அழுத்தி வைத்திருக்கிறேன். பாடியவர் யாரென்று மட்டும் இன்னும் தெரியவில்லை. குரலை வைத்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் விலைகொடுத்து வாங்கிய பொருளில் என்ன இருக்கிறது என்று வாங்கியவள் ஊகிக்கக் கூடாது.

இதோடு சேர்ந்த சின்னக் குறை ஒன்று. ராகம் தானம் பல்லவியை நாலைந்து துண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். எம்பி3 கோப்பாக மாற்றும்போது தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஒழுங்கான செயலிகள் அதைக் கழித்துவிட்டு இடைவெளி தெரியாமல் ஓட்டும், உங்களுடையது ஓட்டுவதில்லை. தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் நடுவில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை அந்தரத்தில் நிற்கிறது.

தேடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் தட்டினால் உங்கள் தேடுபெட்டி கிடைக்கிறதில் பாதியைத்தான் காட்டுகிறது. மீதிக்கு ஆங்கில எழுத்தில் ஊகிக்க வேண்டும்: ‘ப்’ ஒன்றா இரண்டா, ‘தி’க்கு எச் உண்டா இல்லையா, ‘ழ’வுக்கு ‘எல்’ போடுவதா, ‘இசட்’டும் ‘எச்’சும் போடுவதா. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் வேறு வேறு புத்தகம் வருகிறது. சில சமயம் இதில் ஒரு சூதாட்டச் சுகம் இருப்பதை மறைக்க மாட்டேன். ‘சிலம்பு’ என்று தேடியபோது மட்டும் வெள்ளிக் கொலுசுகளை வரிசையாகக் காட்டினீர்கள். கோவலன் பட்ட பாட்டைப் படிக்கக் காத்திருப்பவளிடம் கொலுசு விற்கப் பார்ப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் உங்கள் கடையை விட்டுப் போகாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் தேடும் புத்தகங்களும் பாட்டுகளும் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் பதிப்பகத்துக்கு அஞ்சலட்டை போட்டு தபால்காரரிடம் பணம் கட்டிப் பெறும் வி.பி.பி.யில் வரவழைப்போம், இல்லாவிட்டால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ரயிலேற வேண்டும். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியபின், அச்சில் இல்லாத ஒரு நூல் எங்கோ ஒரு விற்பனையாளரிடம் ஒற்றைப் பிரதியாகக் கிடப்பதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் பெரியது. பழைய பிரதியோடு பழைய வாசகரும் வருகிறார். ஓரத்தில் பென்சிலில் அவர் போட்ட கேள்விக்குறிகள் சில நல்ல கேள்விகள்.

உங்கள் தளத்திலேயே பழைய புத்தகம் விற்கும் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லி அவருக்குத் தொல்லை கொடுக்க விரும்பவில்லை. அவர் எழுதும் விவரம் இப்படி இருக்கும்: முன்னட்டை கிழிந்து ஒட்டியது, நடுவில் சில பக்கம் மைக்கறை, உரை முழுசாக இருக்கிறது, பதிப்பாசிரியர் இன்னார், இத்தனையாவது பதிப்பு. கூடவே தலைப்புப் பக்கத்தின் படமும் அதன் பின்பக்கத்தின் படமும். விலை கூடுதல்தான், ஆனால் அவரிடம் வாங்கியதில் ஏமாற்றம் இல்லை. அவரிடம் ஒரு பழைய எல்பி இசைத்தட்டும் வாங்கினேன். ஓட்டக் கருவி என்னிடம் பழுதாகக் கிடக்கிறது, இருந்தும் வாங்கினேன். உறையின் பின்பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள் பெயரும், ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம், தாளம், இயற்றியவர் பெயரும் அச்சிட்டிருக்கிறார்கள். ஓர் அட்டையில் அடங்கிய இந்த விவரம், முடிவே இல்லாமல் நீளும் உங்கள் பக்கத்தில் ஏன் அடங்கவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டுகிறேன்.

நான் கேட்பவை: முதலாவதாக, கதைச்சுருக்கத்துக்கும் வெட்டுப்பட்ட ஸ்கேன் பிரதிக்கும் நான் கட்டிய பணம் முழுவதும், அஞ்சல் செலவு உட்பட, என் வங்கிக் கணக்குக்கே திரும்ப வேண்டும், உங்கள் கடையில் மட்டும் செல்லும் கூப்பனாக வேண்டாம். அடுத்து, அந்தப் பக்கத்தை உடைத்து ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் தாருங்கள். உரையாசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். ஸ்கேன் மறு அச்சு என்றால் அதையும் வெளிப்படையாகப் போடச் சொல்லுங்கள். இசைக்கு, பக்கவாத்தியமும் பதிவான ஆண்டும். எல்லாவற்றையும் நாளைக்கே செய்ய முடியாது என்பது தெரியும். தியாகராஜரை மட்டும் கலைஞர் கட்டத்திலிருந்து இயற்றியவர் கட்டத்துக்கு மாற்றுவது இன்றைக்கே முடியும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற தானியங்கிப் பதிலை நான் தீர்வாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாதம் கடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ஆர்டர் ரசீதுகள், தளத்தின் விவரக் குறிப்பு, மதிப்புரைகள் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகள், வெட்டுப்பட்ட பக்கங்களின் படங்கள், கட்டைவிரல் பக்கம் உட்பட.

பி.கு.: தயவுசெய்து மாற்றுப் பிரதி அனுப்ப வேண்டாம். கதைச்சுருக்கம் ஏற்கெனவே இரண்டு கைவசம் இருக்கிறது.