படம்: இணையம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில், ராணி மங்கம்மாள் போட்டதாகச் சொல்லப்படும் மங்கம்மாள் சாலை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "இச்சாலை குறித்து முறையான பதிவு ஏதுமில்லை, ஓய்வுபெற்ற சிலர் பொழுதுபோகாமல் இணையத்தில் எழுதிவருவதோடு சரி." அந்த வரிக்கு நேர் மேலே அரைப்பக்கத்துக்கு ஒரு புகைப்படம். அதன் கீழே பொடி எழுத்தில் 'படம்: இணையம்'.

அந்த இணையம் நான்தான் ஐயா. பொழுதுபோகாத சிலரில் ஒருவனும் நான்தான். படத்தின் வலது மூலையில் என் தளத்தின் பெயர் இருந்தது. அதைக் கச்சிதமாக வெட்டிய தங்கள் அலுவலகத்து நண்பர், இடது மூலையில் என் சைக்கிள் கைப்பிடியையும் அதில் தொங்கும் மஞ்சள் பையையும் விட்டுவிட்டார். அது என் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகூர்த்த நேரம்கூடத் தெரியும்.

படம்தான் போயிற்று, அதன் விளக்கமாவது பிழைத்ததா? 'வழிப்போக்கர்கள் அமர்ந்து இளைப்பாறிய கல்மேடை' என்று போட்டிருக்கிறீர்கள். நெஞ்சு உயரத்தில் இருக்கும் மேடையில் ஏறி அமர அந்தக் காலத்து வழிப்போக்கர் கையோடு ஏணி கொண்டுவந்தாரா என்று தெரியவில்லை. அது சுமைதாங்கி. நட்டுவைத்த இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைகொடுக்காமலே சுமையை இறக்கிவைத்து, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளத்தான் அந்த உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் இதை வைப்பது நம் பக்கத்து வழக்கம். தங்கள் படத்தில் உள்ள கல்லும் அப்படித்தான். அழுக்கைக் கழுவி, எழுத்துக்குள் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்து, சாய்ந்த வெயிலுக்காகக் காத்திருந்து அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தேன். படத்துக்குக் கீழேயே அதை எழுதியும் வைத்திருக்கிறேன். படத்தை எடுத்துக்கொண்டவர் கண்ணைச் சற்றுத் தாழ்த்தியிருந்தால் போதும்.

கட்டுரையின் மற்ற பகுதிகளுக்கு வருகிறேன். இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்ட குற்றத்துக்குப் பரிகாரமாக ராணி சாலைகள் போட்ட கதைக்கு ஒரு பத்தி முழுக்கக் கொடுத்திருக்கிறீர்கள். பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவர் மதுரையை ஆண்டதற்கு அரை வரி. தேசிய நெடுஞ்சாலை 7-தான் மங்கம்மாள் சாலை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். 2010-இல் எண்களை மாற்றியபோதே அந்த 7 போய் 44 ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மங்கம்மாள் சாலை என்று ஊரார் காட்டும் துண்டுகள் பலவும் இன்றைய நான்குவழிச் சாலையில் இல்லை. சில துண்டுகள் ஒன்றோடொன்று சேர்வதும் இல்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே என் உத்தியோக காலம் முடிந்தது. புறவழிச்சாலைகள் வருவதற்கு முன் வண்டி எந்தத் தெரு வழியாகச் சாத்தூருக்குள் நுழையும், எந்தப் புளியமரத்தடியில் கோவில்பட்டிப் பயணி கையைக் காட்டுவார் என்பதை எனக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புளியமரங்களைச் சொன்னதும் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. சாலையை அகலப்படுத்த வரிசையாக அவற்றைச் சாய்த்தபோது தங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். 'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பில் இரண்டு வரி வந்தது. அதே இதழில் புதிய சாலையை வாழ்த்திப் பக்கம் பக்கமாக விளம்பரம். திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் தாமிரபரணிப் பாலத்தை 'வெள்ளைக்காரன் கட்டிக்கொடுத்த பாலம்' என்று பிறகொரு முறை எழுதினீர்கள். 1843-இல் திறந்த அந்தப் பாலத்துக்குக் கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தம் கைப்பணத்தை அள்ளிக் கொடுத்தார் என்பதும், பாலமே அவர் பெயரில்தான் இருக்கிறது என்பதும் தாங்கள் அறியாததல்ல. அந்தத் திருத்தக் கடிதம் இரண்டு வரியாகக்கூட வரவில்லை.

பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டீர்களே, இந்தப் பொழுது எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். முதலில் பக்கங்களை டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தேன். இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் ஒரு நாள் கடையைக் கட்டியது. பிரதி எடுத்துவைத்திருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து திருத்தினேன். இப்போது டொமைனுக்கும் சர்வருக்கும் ஆண்டுதோறும் ஓய்வூதியத்திலிருந்து பணம் போகிறது. விளம்பரம் கிடையாது. கண்ணால் பார்த்தது பச்சை, ஊரார் சொன்னது நீலம், நூல்களில் இருப்பது கறுப்பு என்று மூன்று நிறத்தில் பிரித்து எழுதுகிறேன், ஒன்றை மற்றொன்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. கிலோமீட்டர் வந்த பிறகும் பிடுங்கப்படாமல் வேலிக்குள் கிடக்கும் மைல்கற்களுக்குத் தனிப்பக்கம் இருக்கிறது. ஒருவர் தம் தோட்டத்து மைல்கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறேன் என்றதும் சோப்பு நுரையைக் கழுவிவிட்டு ஒதுங்கி நின்றார். அனுமதி கேட்டு எடுத்த படம் என்று அதையும் அங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

வழக்கு, நஷ்டஈடு என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்துக்கு உரிய தளத்தின் பெயரைப் போடுங்கள். கல்மேடை என்பதைச் சுமைதாங்கி என்று திருத்துங்கள். இரண்டு வரி போதும். இரண்டு வரியில் அடக்குவது தங்களுக்குப் பழக்கமானதுதான்.

என் ஆண்டுச் சந்தா இந்த மாதத்தோடு முடிவதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. திருத்தம் வந்த இதழைப் பார்த்த பிறகு பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
சாத்தூர்