ஏற்காடு மலையில் பிரஷர் பார்ப்பது குறித்து மாவட்டச் சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்க்கிறார்கள். அருமையான வேலை. அட்டையில் ஏறும் அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடப் போகிறார். அதனால்தான் இந்த மடல்.

பேட்டரிக் கருவி நாடியின் ஒலியைக் கேட்பதில்லை. கையில் கட்டும் பட்டையில் காற்றேற்றி ரத்தக்குழாயை நெரித்து, மெல்ல இறக்கும்போது, ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக அசைக்கிறது. அந்த அசைவு உச்சத்துக்குப் போகும் இடமே சராசரி அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டும் அதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாடி தாறுமாறாகத் துடிப்பவருக்கு இந்தக் கணக்கு தடுமாறும். அவருக்கு மூன்று முறையாவது பார்க்க வேண்டும், ஸ்டெதாஸ்கோப் வைத்தும் கேட்க வேண்டும்.

பெரிய சிக்கல் பட்டையில்தான். உள்ளே இருக்கும் ரப்பர் பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதம், நீளம் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். வழக்கமான பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் மெலிந்த பெண்ணின் கை 20 செ.மீ. என்றால் அந்தப் பட்டை அவருக்குப் பெரிது. எண் குறைத்துக் காட்டும், நோய் தப்பிவிடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் ஏறிவிடும், தேவையில்லாத மாத்திரை வரும்.

குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டை கட்டுகிறார்கள். சுருட்டிய கம்பளி கயிறு மாதிரி கையை இறுக்கும். ஸ்வெட்டரின் அந்தக் கையைக் கழற்றச் சொல்லுங்கள், நடுங்காதபடி தோளில் போர்வை போர்த்துங்கள். குளிரும் நடுக்கமும்கூட அளவைக் கெடுக்கும். மேடேறி வந்தவரை முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். காப்பி குடித்தவர் அரை மணி நேரம் பொறுக்கட்டும். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும், 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடிவிடும். திண்ணையில் அளக்கும்போது இதுதான் அதிகம் நடக்கிறது.

மலை உயரத்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று சிலர் சொல்வது சரியல்ல. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதையே கருவி அளக்கிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் அளக்கும் முறை ஒன்றுதான்.

எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு பையிலும் சிறிய, நடுத்தர, பெரிய பட்டை மூன்றும், கைச்சுற்றளவு பார்க்க ஓர் இன்ச் டேப்பும் இருக்கட்டும். அந்தந்தக் கருவிக்கு அதன் கம்பெனிப் பட்டையே வேண்டும், மாற்றிப் போட்டால் கணக்கு பொருந்தாது. முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையை அட்டையில் குறிக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு எடுத்துச் சராசரி எழுதட்டும். இதற்கு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகவே, ஒரு நாளில் இத்தனை வீடு என்று வைத்திருக்கும் இலக்கை மலைக் கிராமங்களுக்கு மட்டுமாவது குறைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலைப் பகுதிச் செவிலியர்களும் மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்களும்