எழுந்து போக விடும் உலகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "எந்த ஆன்லைன் ஆட்டத்தில் இறங்கலாம், நீயே சொல்" என்று கேட்டிருந்தாய். ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்ப மனசு வரவில்லை. ஆற அமர யோசித்து எழுதலாம் என்று தள்ளி வைத்தேன்.

முதலில் உன் மகள். நாலு மாதம் முடிந்து, இப்போதுதான் இரவில் சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். ரெய்டில், அதாவது பெரிய எதிரியோடு கூட்டமாக மோதும் சண்டையில், இருபது பேரின் உயிர் அளவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நீ, இப்போது பக்கத்து அறையில் ஒரு சின்ன மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

என் பக்கம் வேலை அதேதான். வலது மணிக்கட்டு ஒரு வருடமாகத் தொல்லை கொடுத்தது, இப்போது பரவாயில்லை. நாலு வருடம் சேர்ந்து ஆடிய குழுவை, கில்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. வாரத்துக்கு மூன்று இரவு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒரு இரவு நான் வரவில்லை என்றால் முன்னால் நின்று அடி வாங்க வேறு டேங்க் தேடி அலைவார்கள். ஒரு நாள் காய்ச்சலோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டு ஆடுகிறேனா, மற்றவர்கள் காத்திருப்பார்களே என்று ஆடுகிறேனா என்று அன்று எனக்கே விளங்கவில்லை. அடுத்த வாரமே சொல்லிவிட்டு விலகினேன். அதனால் நீ கேட்டது எனக்கும் சேர்த்த கேள்விதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய ஐந்து பெயரும் நல்ல ஆட்டங்கள். உன்னிடம் இருப்பது இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. அதிலும் எந்த நிமிடமும் எழுந்து ஓட வேண்டி வரலாம். இதை வைத்து ஒவ்வொரு ஆட்டத்திடமும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். பாதியில் எழுந்து போனால் யாருக்கு என்ன ஆகும்? மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் என்ன மிச்சம் இருக்கும்?

உன் மனசு ஃபைனல் ஃபேன்டஸி 14 பக்கம் சாய்ந்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. எனக்கும் அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. 2010-இல் வெளிவந்து மோசமாகத் தோற்ற ஆட்டம் அது. நவோக்கி யோஷிதா பொறுப்பேற்று, பழையதை ஓட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் புதிதாக ஒன்றைக் கட்டச் செய்தார். 2012 நவம்பரில் பழைய உலகத்தை மூடும்போது, கதைக்குள்ளேயே ஒரு நிலவு வானத்திலிருந்து இறங்கி வந்து அந்த உலகத்தை அழித்தது. 2013 ஆகஸ்டில் திறந்த புதிய உலகம், அந்த அழிவு நடந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு தொடங்குகிறது. தோல்வியை மூடி மறைக்காமல் அதையே கதையின் வேராக வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

புதியவர்களை அது நடத்தும் விதமும் எனக்குப் பிடிக்கும். குழுவாகப் போய் எதிரிகளை முடிக்கும் டன்ஜனுக்குள் நுழைந்ததும், குழுவில் யாராவது அந்த இடத்துக்கு முதல்முறை வந்திருந்தால் எல்லாருக்கும் அறிவிப்பு வரும். அவரோடு சேர்ந்து முடித்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. நான் முதல்முறை டேங்காகப் போனபோது ஒரே சமயத்தில் மூன்று எதிரிக் கூட்டத்தை இழுத்து விட்டு எல்லாரையும் சாகடித்தேன். மூன்று பேரும் "பரவாயில்லை, மறுபடி போகலாம்" என்றுதான் எழுதினார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அப்படிப் பொறுமையாக இருப்பதில் அவர்களுக்கும் லாபம் இருக்கும்படி ஆட்டத்தை அமைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் நீ மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலராகத்தான் போவாய். நாலு பேர் குழுவில் ஹீலர் ஒருவர்தான். ஒரு டன்ஜன் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும். பாஸ் என்ற கடைசிப் பெரிய எதிரி முன்னால் நிற்கும்போது உன் மகள் அழுதால் நீ எழுந்துதான் போவாய், போகவும் வேண்டும். முன்பின் தெரியாத மூன்று பேர் செத்துக் கிடப்பார்கள். உன்னை எனக்குத் தெரியும். தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதை நினைத்துக் கவலைப்படுவாய். கதையோடு வரும் டன்ஜன்களை இப்போது கணினித் துணைவர்களை வைத்துக்கொண்டே முடிக்கலாம் என்பது உண்மை. அப்படித் தனியாகப் போவதென்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆட வேண்டும் என்று நீ எழுதியது என்ன ஆவது? மாதச் சந்தா வேறு. சந்தா கட்டிய மாதம் உட்காராவிட்டால் ஏதோ கடன்பட்டது போல இருக்கும். ஆட்டத்துக்குள் வீடு வாங்கினாயானால் 45 நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அது இடிக்கப்படும். கைக்குழந்தை வைத்திருப்பவனுக்கு 45 நாள் எப்படிப் பறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அதைக் கைவிட்டுவிடாதே. இலவசச் சோதனைக் கணக்கு 70-ஆம் லெவல் வரை, பிறகு வந்து சேர்ந்த கதைத் தொகுப்புகளில் முதல் இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்து, காலக்கெடு இல்லாமல் போகிறது. கதையை மெதுவாக, நாவல் படிப்பது போல, தனியாகப் படித்துக்கொண்டு போ. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: அந்தக் கணக்கில் கில்டில் சேர முடியாது, நீயாகக் குழு தொடங்கவும் முடியாது. இந்தத் தடைகளில் எரிச்சல்பட்டு ஆட்டத்தை வாங்கிவிடாதே. வாங்கிய கணக்கு மறுபடி சோதனைக் கணக்காகாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நம் இருவருக்கும் அது சொந்த ஊர் மாதிரி, 2004-இலிருந்து இருக்கிறது. தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போய்வர 2024-இல் டெல்வ்ஸ் என்று குட்டிக் குகைகளைக் கொண்டுவந்தார்கள். உன் ஒன்றரை மணி நேரத்துக்கு அவை நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒவ்வொரு விரிவாக்கத்திலும் பழைய கவசம், ஆயுதம் என்ற கியர் எல்லாம் குப்பைக்குப் போகிறது, ஒவ்வொரு சீசனிலும் ஓட்டம் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதம் விட்டால் மூன்று மாதம் பின்தங்கிவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும். இரண்டாவது கேள்வியில் எனக்கு அது தேறவில்லை.

விண்வெளிக் கப்பல் ஆட்டமான ஈவ் ஆன்லைன் உன் பட்டியலில் இருந்தது ஆச்சரியமாக இருந்தது. நீ தூங்கும்போதும் உன் கேரக்டரின் திறமைகள் கடிகாரக் கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். நேரமில்லாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே இழந்த கப்பல் இழந்ததுதான். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நடந்த போரில், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும் டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. அந்த மண்டலத்தின் உரிமைக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் விட்டுப்போனதில் மூண்ட சண்டை அது. படிக்கப் படிக்க வியப்பாக இருக்கும். ஆனால் உள்ளே இருந்து வாழ முழு ஆள் வேண்டும். நாம் இருவருமே இப்போது அரை ஆள்தான்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை நீ கடைசியில், சந்தேகத்தோடு எழுதியிருந்தாய். நான் அதை மேலே தூக்கி வைக்கிறேன். பழைய ரூன்ஸ்கேப்பின் 2007-ஆம் வருடத்துப் பிரதி ஒன்றிலிருந்து 2013-இல் உயிர்ப்பித்த ஆட்டம். பெரிய மாற்றம் எதுவானாலும் ஆடுபவர்களிடம் வாக்கெடுப்பு வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். முழு ஆட்டமும் போனிலேயே ஓடுகிறது. உலகம் 0.6 நொடிக்கு ஒரு தடவைதான் நகரும் என்பதால் விரல் வேகம் அவ்வளவாகத் தேவையில்லை. ஒரு தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, மற்ற கையின் கட்டைவிரலால் மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம். பாதியில் போனை வைத்துவிட்டால் ஒரு மீன் குறையும், அவ்வளவுதான். எந்தத் திறமையிலும் 99-ஆம் லெவலுக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-ஐத் தொடும்போதுதான் அதில் பாதி வந்திருக்கும். இந்தக் கணக்கு முதலில் எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. பிறகு, இது பல வருடம் கூடவே வைத்துக்கொள்ளச் செய்தது என்று புரிந்தபின் பிடித்துப்போனது. ஒரே குறை, நாம் இருவரும் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு மரம் வெட்டுவோமே தவிர, சேர்ந்து செய்ய ஆரம்பத்தில் அதிகம் இருக்காது.

சேர்ந்து ஆட நான் சொல்வது உன் பட்டியலில் ஐந்தாவதாக இருந்த கில்ட் வார்ஸ் 2.

2012 ஆகஸ்டில் வந்தபோது அதிகபட்ச லெவல் 80. இன்றும் 80-தான். 2013 கடைசியில் வந்த அசெண்டட் கவசத்தின் பலத்தைத் தாண்டிய கவசம் இன்றுவரை வரவில்லை. நான் இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது, பழைய கோட்டும் பழைய கத்தியும் அப்படியே செல்லுபடியாயின. பெட்டியில் மடித்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டால் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு நிம்மதி. மாதச் சந்தாவே கிடையாது. அடிப்படை ஆட்டம் 2015-இலிருந்து இலவசம்.

பாதியில் எழுந்து போவது பற்றி. போன மாதம் ஒரு இரவு, டெக்வாட்டல் என்ற டிராகனை அடிக்கப் போனேன். குறித்த நேரத்துக்கு வரும், பதினைந்து நிமிடத்துக்குள் வீழ்த்த வேண்டும். கரையோரம் முழுக்க ஆட்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. டிராகன் காலைத் தரையில் அடித்தால் அலை எழும். அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். எனக்கு மணிக்கட்டு அரை நொடி தாமதித்தது, அலை அடித்துக் கீழே விழுந்தேன். பச்சை விஷம் சுற்றிப் பரவுகிறது, உயிர் அளவு குறைந்துகொண்டே வருகிறது. பத்தடி தள்ளி நின்ற ஒருவர் டிராகனை அடிப்பதை விட்டுவிட்டு விஷத்துக்குள் ஓடிவந்து, என் பக்கத்தில் மண்டியிட்டுத் தூக்கிவிட ஆரம்பித்தார். அவர் உயிரும் குறைகிறது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நான் எழுந்ததும் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஆட்டத்தில் விழுந்தவரை யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம், அதற்கு ஹீலராக இருக்க வேண்டியதில்லை. நீ அடித்த மிருகத்தை நானும் அடித்தால் இருவருக்கும் தனித்தனிப் பங்கு. நீ வெட்டிய சுரங்கக் கல் எனக்கும் அப்படியே நிற்கும். அதனால் எதிரே இன்னொரு ஆள் வந்தால் போட்டிக்கு வந்துவிட்டானே என்று தோன்றாது, வா என்றுதான் தோன்றும். நீ நடுவில் எழுந்து போனாலும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உன்னால் யாருடைய இரவும் கெடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் கதை சுமார்தான். ஃபைனல் ஃபேன்டஸியின் கதைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. பை சீக்கிரம் நிறைந்துவிடும், எதை வைத்துக்கொள்வது எதை விற்பது என்று ஆரம்பத்தில் தலை சுற்றும். 80-ஐத் தொட்டதும் அடுத்து என்ன என்று ஆட்டம் சொல்லாது, நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். உனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு: முழு நேர ஹீலர் வேலை இலவச ஆட்டத்தில் கிடையாது, விரிவாக்கங்களில்தான். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனைப் பற்றி உன் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாய். ஊர் சுற்றவும் கதை கேட்கவும் அருமை. ஆனால் பொருள் செய்யத் தேவையான மூலப்பொருள்களை வைக்கும் பெரிய பை சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும். அது இல்லாமல் நீ சமாளிக்க மாட்டாய், எதையும் தூக்கிப் போட உனக்கு மனசு வராது.

"இவ்வளவு நேரம் போட்டபின் மூடிவிட்டால்?" என்றும் எழுதியிருந்தாய். நடக்கக்கூடியதுதான். சிட்டி ஆஃப் ஹீரோஸ் எட்டு வருடம் ஓடி, ஆட்கள் இன்னும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்போதே 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் அதை விடாமல் பிடித்துவைத்து, தாங்களே ஒரு சர்வர் நடத்தி, 2024 ஜனவரியில் அதற்கு முறையான அனுமதியும் வாங்கினார்கள். இன்னொரு பக்கம் 1997-இல் தொடங்கிய அல்டிமா ஆன்லைன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் தாண்டி நிற்கும் ஆட்டமாகப் பார்த்துப் போனால் பயம் கொஞ்சம் குறையும், புதிதாக வருவதைப் பார்த்து ஓட வேண்டாம். அதற்கு மேல் இதில் உத்தரவாதம் எதுவும் இல்லை. நாம் முதலில் சந்தித்த ஆட்டம் இன்று இல்லை, நீ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

அப்புறம், கணக்கு தொடங்கும்போது கவனம். கில்ட் வார்ஸ் 2-இல் அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டு பகுதி. என் கணக்கு ஐரோப்பாவில். நீ மாற்றிப் போட்டுவிட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. பகுதி சரியாக இருந்தால் எந்த சர்வர் என்பது கவலையில்லை. மனித இனத்தைத் தேர்ந்தெடு. குயின்ஸ்டேல் என்ற வயல்வெளியில் தொடங்குவாய். என் 80 லெவல் அங்கே வந்ததும் தானாகக் குறைந்து உன் அளவுக்கு இறங்கிவிடும், அதனால் நான் எல்லாவற்றையும் ஒரே அடியில் முடித்து உன் ஆட்டத்தைக் கெடுத்துவிட மாட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த ஊர் ஆற்றங்கரையில் நிற்கிறேன். அவள் விழித்துக்கொண்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடு. நான் மீன் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்புடன்,
உன் பழைய டேங்க்