படத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்: இதழியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதழியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் படித்த காலத்தில் போர்ச் செய்தி பற்றிய பாடத்துக்காக, 1970-களின் கம்போடியப் போரைப் பற்றிய நிஜக் கதையான 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' (1984) படத்தை வகுப்பில் போட்டார்கள். கம்போடியரான டித் பிரான் பிரெஞ்சுத் தூதரகத்தின் வாசலைத் தாண்டித் தனியாக வெளியே நடக்கும் இடம் வந்ததும் ஆசிரியர் படத்தை நிறுத்திவிட்டார். இதழியல் சம்பந்தப்பட்ட பகுதி இத்தோடு முடிந்தது, மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படம் 2 மணி 20 நிமிடம், இரண்டு பீரியட் சேர்த்தாலும் போதாது, அவர் கஷ்டம் புரிகிறது. ஆனால் மீதியை நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த மடல் எழுத அதுதான் காரணம்.

நியூயார்க் டைம்ஸ் நிருபர் சிட்னி ஷான்பெர்க்கின் மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் என்றுதான் பிரானை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். உதவியாளர் என்ற அந்தச் சொல்லே எனக்கு இப்போது கசக்கிறது. 1973 ஆகஸ்டில் அமெரிக்க பி-52 விமானம் தவறுதலாக நியாக் லுவாங் என்ற ஊரின் மேல் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, நிருபர்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள். இருவரும் படகில் போய்ச் சேர்ந்தார்கள். படகு பிடிப்பது, யாரிடம் பேசுவது, எந்தச் சிப்பாய் சொல்வதை நம்புவது என்று அந்த மண்ணும் மொழியும் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தச் செய்தியே இல்லை. இதற்குப் பெயர் நிருபர் வேலை இல்லையா?

1975 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கத் தூதரகம் காலி செய்தபோது பிரானின் மனைவியும் நான்கு குழந்தைகளும் ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர் ஏறவில்லை. ஐந்தாம் நாள், ஏப்ரல் 17, அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் படையான கெமர் ரூஜ் தலைநகர் நோம் பென்னுக்குள் வந்தது. ஷான்பெர்க்கையும் கூட இருந்த நிருபர்களையும் பிடித்துக் கவச வண்டியில் ஏற்றினார்கள். பிரானைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவரோ நானும் ஏறுவேன் என்று சிப்பாய்களிடம் மல்லுக்கு நின்று ஏறினார். தான் இல்லாவிட்டால் இவர்களுக்காகப் பேச ஆளில்லை, சுட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், உங்கள் வெற்றியைப் பற்றி எழுத வந்தவர்கள் என்று விடாமல் கெஞ்சிக் கெஞ்சியே அவர்கள் உயிரை மீட்டார். அப்புறம் எல்லோரும் தஞ்சம் புகுந்த பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து கம்போடியர்கள் வெளியேற வேண்டும் என்று கெமர் ரூஜ் சொன்னது; பிரானுக்குப் பொய் பாஸ்போர்ட் தயாரிக்கப் பார்த்து அது நடக்காமல் போனபோது, அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. எங்கள் வகுப்பு முடிந்தது இங்கேதான்.

இதற்குப் பிறகுதான் படத்தின் மிகப் பெரிய இதழியல் கேள்வி வருகிறது. 1976-ல் ஷான்பெர்க்குக்கு, அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. நிஜத்தில் அவர் அதைப் பிரானுக்கும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார், அந்தக் குடும்பத்தையும் தாங்கினார், எல்லை முகாம்களில் பிரானைத் தேடச் சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தில், ஒரு விருது விழா நடக்கும் இடத்தின் கழிவறையில், கம்போடியாவில் அவர்களோடு இருந்த புகைப்படக்காரர் ராக்காஃப் ஷான்பெர்க்கை மடக்கிவிடுகிறார்: பரிசுக்காகத்தானே அவனைப் போகவிடாமல் வைத்துக்கொண்டாய்? (நிஜ ராக்காஃபுக்குத் தன்னைப் படத்தில் காட்டிய விதம் பிடிக்கவில்லை, அது வேறு கதை.) நிருபராகப் போகும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் விவாதிக்க வைக்க இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை. அதை நாங்கள் பார்க்கவே இல்லை.

படித்தவன் என்று தெரிந்தாலே கொல்லும் ஆட்சியில் பிரான் டாக்ஸி ஓட்டியவன் என்று பொய் சொல்லி, விவரம் தெரியாதவனாக நடித்து, நான்கு ஆண்டுக்கும் மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார். பசி தாங்காமல் நெல் எடுத்ததற்கு அடி வாங்கினார். சொற்களால் பிழைத்த மனிதர், சொற்களை ஒளித்துவைத்துப் பிழைத்திருக்கிறார். வியட்நாம் படை கெமர் ரூஜை விரட்டிய பிறகு சொந்த ஊரான சியாம் ரீப் திரும்பியபோது காட்டிலும் கிணறுகளிலும் எலும்புகள். அதைப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார். 1979 அக்டோபரில் தாய்லாந்து எல்லையைத் தாண்டினார். பிறகு அதே பத்திரிகையில் புகைப்படக்காரராகச் சேர்ந்து, 2008-ல் இறக்கும் வரை கம்போடியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இதில் இதழியல் இல்லாத பகுதி எது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

பிரானாக நடித்த ஹேங் நோர் அதற்கு முன் நடித்ததே இல்லை, அவர் ஒரு மகப்பேறு மருத்துவர். அதே ஆட்சியில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார். அறுவை செய்யக் கருவியும் கிடையாது, டாக்டர் என்று வெளியே சொன்னால் உயிரும் இருக்காது. அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், சிறந்த துணை நடிகர் என்று. பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா அவரைச் சிறந்த நடிகர் என்றே அழைத்தது. பாதிப் படத்தைத் தனியாகச் சுமந்தவரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதில் எவ்வளவு குழப்பம் பாருங்கள்!

இது பழைய கதையும் இல்லை. 2007-ல் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் ஓர் இத்தாலிய நிருபரையும் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போன ஆப்கானியர் அஜ்மல் நக்‌ஷ்பந்தியையும் கடத்தினார்கள். சிறையிலிருந்த தாலிபான் கைதிகளை அரசு விடுவித்து இத்தாலியரை மீட்டது. அஜ்மலைத் தாலிபான்கள் கொன்றுவிட்டார்கள். நம் மாணவர்களும் நாளைக்கு மொழி தெரியாத ஊரில் போய் நிற்பார்கள். அங்கே கூட வரும் ஆளின் பெயரைச் செய்தியில் போடலாமா, போட்டால் அவருக்கு ஆபத்தா, கூலி எவ்வளவு, நாம் கிளம்பிய பிறகு அவர் கதி என்ன என்று யோசிக்க அவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

சரி, நேரம் போதாது என்பது நிஜம்தான். அப்படியானால் முன்பாதிக் கதையை நீங்களே பத்து நிமிடத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். பிரான் தூதரக வாசலைத் தாண்டும் இடத்திலிருந்து படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
பின்பாதியைத் தாமதமாகப் பார்த்த ஒரு பழைய மாணவர்