வேத வாசிப்பு ஐக்கியம்: 2024ஆம் வருஷ ஆண்டறிக்கை

நம்ம சபை போதகர் ஐயரவங்களுக்கும் அவங்க வீட்டு ஐயரம்மாவுக்கும், சபை கமிட்டி அங்கத்தினர்களுக்கும், வந்திருக்கிற அம்மாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம். செயலாளர் அறிக்கைன்னா வழக்கமா எத்தன கூட்டம் நடந்துச்சு, யார் வீட்டுல நடந்துச்சு, யார் ஜெபம் பண்ணாங்கன்னு ஒரு லிஸ்ட் வாசிச்சிட்டு உட்காந்துருவோம். அதெல்லாம் மினிட்ஸ் புக்குல இருக்கு, வேணுங்கிறவங்க வாங்கி பாத்துக்கிடலாம். நான் இந்த வருஷம் நம்ம ஐக்கியத்துல என்ன மாறுச்சுங்கிறத மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க, பின்னாடி அசன சாப்பாடு ரெடி ஆகிட்டு இருக்குன்னு எனக்கும் வாசம் வருது.

2024 எப்படி ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. 2023 டிசம்பர் 17, 18ல பெய்ஞ்ச மழைதான் நம்ம எல்லாருக்கும் புது வருஷத்த கொண்டு வந்துச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட, ஒரு வருஷத்துக்கு பெய்யிற மழை ஒரு ராத்திரியில கொட்டுச்சு, தாமிரபரணி கரைய மறந்து ஊருக்குள்ள வந்துட்டு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயில் 800 பேர் கிட்ட ஆட்களோட தண்ணிக்கு நடுவுல நின்னுச்சு, பக்கத்து ஊர்க்காரங்க சோறு பொங்கி கொண்டு போய் குடுத்தாங்க. நம்ம பக்கம் வாழை மொத்தமும் சாஞ்சுது, ஆடு மாடு போச்சு, நிறைய வீட்டுல பைபிளே நனைஞ்சு ஊதிப்போய் காயப்போட்டு வச்சிருந்தாங்க. கவர்மெண்ட் குடுத்த 6000 ரூபா வந்துச்சு, வந்த வேகத்துல போச்சு.

அந்த நிலமையிலதான் வருஷக் கடைசி ஆராதனை முடிஞ்சு, ராத்திரி 12 மணி தாண்டி, வழக்கம்போல ஆளுக்கு ஒரு வசனம் போட்டிருக்கிற வாக்குத்தத்த கார்டு எடுத்தோம். எரேமியா 29:11 நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு வந்துச்சு. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம், யார் இல்லன்னா? ஆனா கார்ட கையில வச்சிக்கிட்டே ஒரு அக்கா, வாழை மொத்தமும் போனவங்க, அடகு வச்ச நகைக்கு வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, "தீமைக்கல்லன்னா இது என்னதுப்பா" அப்படின்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. ஒருத்தர் மட்டும் "அப்படியெல்லாம் கேக்கக்கூடாது, விசுவாசிக்கணும்"னு சொன்னாரு, அக்கா கார்ட பைபிளுக்குள்ள வச்சிட்டு போயிட்டாங்க.

ஜனவரி முதல் கூட்டத்துல நம்ம பேசுனது அந்தக் கேள்வியத்தான். ஐயரம்மா ஒரு யோசனை சொன்னாங்க, இனிமே கார்டுல வர்ற வசனத்த மட்டும் வாசிக்காம அது இருக்கிற அதிகாரத்த முழுசா உட்காந்து வாசிப்போம்னு. அன்னைக்கே எரேமியா 29 எடுத்தோம். பத்தாம் வசனத்துல என்ன இருக்கு? பாபிலோனுக்கு சிறைப்பட்டு போன ஜனங்களுக்கு அங்க எழுபது வருஷம் ஆன பிறகுதான் அந்த நல்லது வரும்னு. எழுபது வருஷம்! கேட்ட ஆட்கள்ல பாதி பேர் ஊருக்கு திரும்பியே இருக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சாம் வசனத்துல, வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் நாட்டுங்க, அதோட கனிய சாப்பிடுங்கன்னு சொல்றாரு. அதாவது நல்ல முடிவு உண்டு, ஆனா அது நாளைக்கு காலையில வராது, அதுவரைக்கும் இருக்கிற எடத்துல செடி வைங்க. அன்னைக்கு அந்த அக்காவும் வந்திருந்தாங்க, "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேனே"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த வருஷம் முழுக்க இதே முறைய வச்சிக்கிட்டோம். இது என் சொந்த கருத்து, கமிட்டி தீர்மானம் இல்ல, ஆனா சொல்லிடுறேன்: வசனத்த பிச்சு எடுத்து கையில குடுத்தா அது ரெண்டு நாளைக்கு ஆறுதல் தரும், மூணாம் நாள் நமக்கே கோவம் வரும்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல ஆபகூக் தீர்க்கதரிசியோட புஸ்தகத்த வாசிச்சோம். மூணே அதிகாரம்தான். எல்லாருக்கும் கடைசி பகுதி மட்டும் தெரியும், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்னு பாட்டா பாடியிருக்கோம், கல்யாண வீட்டுல கூட கைதட்டி பாடியிருக்கோம். ஆனா அந்த புஸ்தகம் ஆரம்பிக்கிறதே சண்டையில. "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!" இப்படி கடவுள்கிட்ட நேருக்கு நேர் கேட்ட ஆள்தான் கடைசியில களிகூருவேன்னு சொல்றான், நடுவுல ரெண்டாம் அதிகாரத்துல அவனுக்கு கிடைச்ச பதில் "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு" அவ்வளவுதான். நிலமை மாறல, மாட்டுத்தொழுவம் காலியாத்தான் இருக்கு.

அந்த கூட்டத்துல நடந்தத நான் மினிட்ஸ்லயும் எழுதியிருக்கேன். ஒரு பாட்டி, நம்ம ஐக்கியத்துலயே வயசுல மூத்தவங்க, எழுதப் படிக்க தெரியாது, கேட்டுக் கேட்டே பாதி சங்கீதம் மனப்பாடம். அவங்க "எனக்கு அத்திமரமும் தெரியாது ஒலிவமரமும் தெரியாது, நான் எனக்குத் தெரிஞ்சத சொல்லட்டுமா"ன்னு கேட்டுட்டு ஆரம்பிச்சாங்க. வாழை சாஞ்சு போனாலும், ஆட்டுக்குட்டி ஆத்தோட போனாலும், மகன் மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணாம போனாலும்னு. கொஞ்சம் சிரிச்சோம். பிறகு ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாங்க. தையல் மெஷின் தண்ணியில ஊறி ஓடாமப் போனாலும்னு ஒருத்தங்க, உப்பளத்துல வேலை இல்லாமப் போனாலும்னு ஒரு அண்ணன், இத்தன வரன் வந்தும் ஒண்ணும் அமையாமப் போனாலும்னு ஒரு பிள்ளை மெதுவா சொன்னா, அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்"ங்கிற வரிய எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்னு பாத்தா பாதி பேருக்கு குரல் வரல. வராட்டி பரவாயில்ல, வர்றவங்க சொல்லுங்கன்னு ஐயரம்மா சொன்னாங்க, அப்படியே முடிச்சோம்.

இதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. மே மாசம் ஒரு துக்க வீட்டுல 88ஆம் சங்கீதம் வாசிச்சோம், சின்ன வயசு பையன், ஆக்சிடெண்ட். அந்த சங்கீதம் வெளிச்சத்துல முடியாது, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்னு இருட்டுல முடியும். துக்க வீட்டுல போய் இதையா வாசிப்பாங்க, ஆறுதலா 23ஆம் சங்கீதம் வாசிக்கக்கூடாதா, இது அவிசுவாசத்த வளக்கும்னு கமிட்டியிலயே ரெண்டு பேர் சொன்னாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த பையனோட அம்மா ஒரு வாரம் கழிச்சு அதே சங்கீதத்த மறுபடி வாசிக்கச் சொல்லி ஆள் அனுப்புனாங்க. என்ன ஏன்னு கேட்டதுக்கு, "எல்லாரும் வந்து தேவ சித்தம் தேவ சித்தம்னு சொல்றாங்க, என்ன மாதிரி கத்துன ஒருத்தன் பைபிளுக்குள்ளயே இருக்கான்னு இப்பதான் தெரியுது"ன்னாங்க. அவங்க இப்ப ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றாங்க, பாட்டு பாடறதில்ல, உட்காந்துட்டு போவாங்க. அதுவே பெருசுன்னு நான் நினைக்கிறேன். எதிர்ப்பு சொன்னவங்க கருத்தும் மினிட்ஸ்ல அப்படியே பதிவாகியிருக்கு.

வீடு சந்திப்பு பத்தி. முன்னாடி நோயாளி வீட்டுக்கு போனா ஒரு வசனம், ஒரு பாமாலை, ஒரு ஜெபம், பத்து நிமிஷத்துல அடுத்த வீடு. ஜூன்ல 1 இராஜாக்கள் 19 வாசிச்ச பிறகு இது மாறிட்டு. எலியா பெரிய தீர்க்கதரிசி, கர்மேல் மலையில வானத்துல இருந்து அக்கினி எறக்குன ஆளு, மறுநாளே பயந்து ஓடி சூரைச்செடிக்கு கீழ படுத்துக்கிட்டு போதும் கர்த்தாவே, என் உயிர எடுத்துக்கோங்கன்னு கேக்கறாரு. தேவதூதன் வந்து என்ன சொல்றான்? இவ்வளவு பெரிய ஆளு இப்படி பேசலாமான்னு கேக்கல. "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும். சாப்பிட்டு மறுபடி படுத்துட்டாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான். கர்த்தர் பேசுற மெல்லிய சத்தமெல்லாம் பிறகு ஓரேப் மலையிலதான் வருது. அதுல இருந்து நம்ம குரூப் போற வீட்டுக்கு தூக்குவாளியில கஞ்சியோ இட்லியோ கொண்டு போகுது, பிடி அரிசி காணிக்கையில ஒரு பங்கு இதுக்குன்னு ஐயரவங்களும் ஒத்துக்கிட்டாங்க. யார் யார் எந்த கிழமைன்னு பிரிச்சது யாருன்னு கேட்டா சமையல் குரூப் அக்காமார்தான், அவங்களுக்கு தனியா நன்றி சொல்லணும், ஆம்பளைங்க தூக்குவாளிய திருப்பி குடுக்குறதே இல்லைங்கிறதும் அவங்க சொல்லச் சொன்ன விஷயம், சொல்லிட்டேன்.

படுக்கையில இருக்கிறவங்களுக்கு 2 கொரிந்தியர் 12 வாசிச்சோம். பவுல் மூணு தரம் கேட்டும் அவர் மாம்சத்துல முள்ளா குத்துன அந்த வேதனை போகல, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கிற பதில்தான் வந்துச்சு. இதுக்கு உதாரணம் நமக்கு தூரத்துல தேட வேண்டாம், டோனாவூர்ல பிள்ளைங்கள வளத்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல விழுந்து அடிபட்டதுல இருந்து 1951ல சாகிற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் அந்த ரூமுக்குள்ளதான் இருந்தாங்க, அங்க இருந்துதான் எழுதுனாங்க, பிள்ளைங்களுக்காக ஜெபிச்சாங்க. சுகம் கிடைக்காதவங்களுக்கு விசுவாசம் கொறவுன்னு பேசுற ஆட்கள் ஒரு தடவ அங்க போய்ட்டு வரலாம்.

வாலிபர் பகுதி சுருக்கமா. பரீட்சை நேரத்துல எல்லா பிள்ளைங்க பேடுலயும் பிலிப்பியர் 4:13 ஒட்டியிருக்கும், எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு. அது ஜெயில்ல இருந்து எழுதுன லெட்டர், முந்தின வசனத்துல "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்"னு இருக்குன்னு சொன்னதும் ஒரு தம்பி, "அப்ப ஃபெயில் ஆனாலும் இந்த வசனம் செல்லும்ல அக்கா"ன்னு கேட்டான். செல்லும் தம்பி. ஆனா படி.

செப்டம்பர்ல இருந்து எபிரெயர் நிருபம். இதுதான் இந்த வருஷத்துல நாங்க ரொம்ப மெதுவா வாசிச்சது, பத்தாம் அதிகாரத்துலயே பல வாரம் போச்சு. அந்த நிருபத்த வாங்குனவங்க முதல்ல நல்லா நின்னவங்க, ஆஸ்திய கொள்ளையிட்டப்ப சந்தோஷமா குடுத்தவங்க, பிறகு மெல்ல மெல்ல சோர்ந்து சிலர் சபை கூடி வர்றதையே விட்டுட்டாங்க. அடி விழுந்த அன்னைக்கு நிக்கிறது வேற, அடி விழுந்து ரெண்டு வருஷம் கழிச்சு யாரும் விசாரிக்காத நேரத்துல நிக்கிறது வேற, வெள்ளத்துக்கு பிறகு நம்மளுக்கு இது நல்லா தெரியும், ஜனவரியில வேன் வேனா வந்தாங்க, ஆகஸ்ட்ல யார் வந்தா? அவங்களுக்கு எழுதுன ஆள் "முந்தின நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்"னு சொல்றாரு, அதுக்காக ஒரு வாரம் முதலூர் கதைய பேசுனோம். சொந்த ஊர்ல இருக்க விடாம விரட்டுன விசுவாசிகளுக்காக 1799ல உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் காலத்துல உண்டான ஊரு. நம்ம சபையிலயே பாதி பேருக்கு அங்க சொந்தம் இருக்கு, கதை தெரிஞ்சவங்க கொஞ்ச பேருதான்.

பிறகு 36ஆம் வசனம், "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதைப் பெறும்படிக்குப் பொறுமை உங்களுக்கு வேண்டியதாயிருக்கிறது." உடனே அடுத்த வசனத்துல நம்ம லெந்துல வாசிச்ச ஆபகூக்தான் வருது, தாமதிக்காம வருவார், விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்னு. பாட்டி "இவன் நம்ம ஆளுல்லா"ன்னு சத்தமா சொல்லிட்டாங்க. பதினோராம் அதிகாரத்துல 34ல பட்டயத்துக்கு தப்புனவங்க, 37ல பட்டயத்தால வெட்டுப்பட்டு செத்தவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே விசுவாசம், ஒரே லிஸ்ட். இத வாசிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் பேச்சு ஓடுச்சு, தப்புனவங்க சாட்சி மட்டும்தான் நம்ம கன்வென்ஷன் மேடையில ஏறுதுன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. உண்மைதான். அடுத்த சாட்சி கூட்டத்துல இன்னும் பதில் கிடைக்காதவங்க ரெண்டு பேராவது பேசணும்னு தீர்மானம் போட்டிருக்கோம்.

இந்த டிசம்பர்ல, 13ஆம் தேதி வாக்குல, ஆத்துல மறுபடி வெள்ளம் வந்தப்ப எல்லாருக்கும் வயித்த கலக்கிட்டு. ஜாமான மேல ஏத்தி வச்சிட்டு கோயில்ல வந்து படுத்தவங்க உண்டு. அன்னைக்கு ராத்திரி யாரும் வசனம் எடுத்து வாசிக்கச் சொல்லல, 121ஆம் சங்கீதத்த அவங்கவங்களே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எரேமியா கார்டு வந்த அக்கா கட்டஞ்சாயா போட்டு எல்லாருக்கும் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க இப்ப மறுபடி வாழை வச்சிருக்காங்க, கடன் இன்னும் முடியல.

வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாங்க. பெரிய எழுத்து பைபிள் வாங்க நன்கொடை குடுத்தவங்களுக்கு நன்றி, நனைஞ்சு போனவங்களுக்கு முதல்ல குடுத்தாச்சு, இன்னும் சில பேருக்கு பாக்கி. வாக்குத்தத்த கார்டு இந்த வருஷமும் உண்டு, பிள்ளைங்க ஆசைப்படுது, ஆனா கார்டோட பின்பக்கம் "முழு அதிகாரத்தையும் வாசிக்கவும்"னு ஒரு சீல் குத்தியிருக்கோம், மை கொஞ்சம் பரவியிருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

ஜனவரி முதல் கூட்டம் வழக்கமான சனிக்கிழமை சாயந்தரம் 6 மணிக்கு, பாட்டி வீட்டு திண்ணையில. 1 பேதுரு ஆரம்பிக்கிறோம், முதல் அதிகாரத்த வாசிச்சிட்டு வாங்க. தூக்குவாளி வச்சிருக்கிறவங்க அன்னைக்காவது கொண்டு வந்து குடுத்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்